பான்ரிங்கின் ஊசியும் அம்மாவின் பயமும்

நான் ரொறன்ரோவில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். மனிதக் கலங்களைத் தட்டுகளில் வளர்ப்பதுதான் என் வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவற்றுக்குச் சாப்பாடு மாற்ற வேணும். அந்தச் சாப்பாட்டில் சேர்க்கும் சாமான்களில் ஒன்று சின்னக் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். அது மனித இன்சுலின். ஆனால் மனிதரிடமிருந்து எடுத்ததல்ல. மனித மரபணுவைப் பக்டீரியா, மதுவம் போன்ற நுண்ணுயிர்களுக்குள் வைத்து அவற்றைக்கொண்டு செய்விப்பது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியின் மேலே எழுதியிருக்கும். வெறும் தண்ணீரில் இலேசில் கரையாது, கொஞ்சம் அமிலம் விட வேணும்.

பதினைந்து வருடமாக இந்தத் தூளோடு பழகுகிறேன். ஆனால் என் வீட்டுப் பிரிட்ஜில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் அம்மா தன்னுடைய இன்சுலின் பெட்டியை உடைக்காமலே ஒளித்து வைத்திருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து இருபது வருடத்துக்கு மேல். குளிசை மட்டும் காணாது, இனி இன்சுலினும் போட வேணும் என்று குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கிறா. நான் கேட்டபோது அழுதா. ஊரில் அவவின் பெரியக்காவுக்கு ஊசி தொடங்கி ஒரு வருடத்தில் காலை எடுத்தார்கள். அடுத்த வருடம் ஆளே இல்லை. ஊசி தொடங்கினால் கதை முடிஞ்சுது என்பதுதான் அம்மாவின் கணக்கு. இது என் அம்மாவின் கணக்கு மட்டுமில்லை என்று உங்களுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தைச் சொல்லிப் பார்த்தேன். இன்சுலின் ஒரு செய்தி கொண்டுபோகும் புரதம். 51 அமினோ அமிலங்கள் சேர்ந்தது. கலத்துக்குள்ளே போகாது, வாசலில் நின்று தட்டும். தட்டுச் சத்தம் கேட்டால் தசைக் கலம் கதவைத் திறந்து சீனியை உள்ளே எடுக்கும். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டா. அதன் பிறகுதான், இதைக் கண்டுபிடித்த மனிசனின் கதையைச் சொல்லுவம் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நாள் சொன்னேன்.

பிரெடெரிக் பான்ரிங் 1891 நவம்பர் 14 இல், ஒன்ராறியோவில் அலிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். படிப்பில் பெரிய புலி இல்லை. 1910 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குக் கலைப்பாடம் படிக்கப் போய், முதலாம் வருடத்திலேயே தவறிவிட்டார். 1912 இல் மருத்துவத்துக்கு மாறினார். முதலாம் உலகப் போருக்கு டொக்டர்மார் தேவைப்பட்டதால் படிப்பைச் சுருக்கி, 1916 டிசம்பரில் பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். 1918 செப்ரெம்பரில் பிரான்சில் கம்பிரே சண்டையில் செல் துண்டு கையில் ஏறியது. அந்தக் காயத்தோடு மற்றவர்களுக்கு மணிக்கணக்காக மருந்து கட்டினார். அதற்கு மிலிட்டரி குரொஸ் பதக்கம் கொடுத்தார்கள். செல் என்றதும் அம்மா நிமிர்ந்து இருந்தா. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் விளக்கம் தேவையில்லை.

போர் முடிந்து வந்தவர் 1920 யூலையில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் கிளினிக் திறந்தார். ஆக்கள் வரவில்லை. முதல் மாத வருமானம் நாலு டொலர். செலவைச் சமாளிக்க அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுக்கப் போனார். ஒக்ரோபர் 30 இரவு, அடுத்த வகுப்புக்காகச் சதையி பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தார். நித்திரை வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி மனதில் பட்ட யோசனையைக் குறித்து வைத்தார். நீரிழிவுக்கான ஆங்கிலச் சொல்லையே எழுத்துப் பிழையோடு எழுதினார்.

அவர் நினைத்தது இதுதான். சதையியின் குழாயைக் கட்டிவிட்டால் சமிபாட்டுச் சாறு சுரக்கும் பகுதி அழிந்துபோகும், சீனியைக் கட்டுப்படுத்தும் பொருள் மட்டும் மிஞ்சும். உண்மையில் குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பிழையான யோசனைதான் அவரைக் கிளப்பியது.

ரொறன்ரோவில் பேராசிரியர் மக்லியொட்டிடம் போனார். அவருக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. என்றாலும் ஒரு அறையும், சில நாய்களும், உதவிக்கு ஒரு மாணவனும் கொடுத்தார். இரண்டு மாணவர்கள் நாணயம் சுண்டிப் பார்த்ததில் முதல் முறை சார்ள்ஸ் பெஸ்ட்டுக்கு விழுந்தது. 1921 மே 17 இல் வேலை தொடங்கியது. அந்தக் கோடை முழுக்கப் பான்ரிங்குக்குச் சம்பளம் இல்லை. நாய்கள் பல செத்தன. ஆனால் சதையிச் சாறு ஏற்றிய நாய்களில் சீனி இறங்கியது. டிசம்பரில் கொலிப் என்ற இரசாயன அறிஞரும் சேர்ந்தார். ருமேனியாவில் பௌலெஸ்கு என்பவரும் இதே பாதையில் வந்து, 1921 இலேயே தன் ஆய்வை வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

அந்தக் காலத்தில் சீனி வருத்தம் வந்த பிள்ளைக்கு மருந்தே இல்லை. பட்டினி போட்டுக் கொஞ்சநாள் இழுப்பார்கள். 1922 சனவரி 11 இல் ரொறன்ரோ ஜெனரல் வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பொடியனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அவனுடைய எடை 30 கிலோகூட இல்லை. முதல் மருந்து சுத்தமில்லை, போட்ட இடம் வீங்கியது. கொலிப் இரவு பகலாக இருந்து சுத்தப்படுத்தினார். சனவரி 23 இல் திரும்பப் போட்டபோது சீனி இறங்கியது, பொடியன் தேறினான்.

இந்த இடத்தில் அம்மா கேட்டது ஒரு கேள்விதான். அந்தப் பொடியன் எவ்வளவு காலம் இருந்தவன் என்று கேட்டா. இன்னும் 13 வருடம், 1935 மட்டும் இருந்தவன் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

அதே வருடம் ஓகஸ்டில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ், எலும்பும் தோலுமாகப் பான்ரிங்கிடம் வந்தா. அவ கலியாணம் கட்டி, மூன்று பிள்ளைகளைப் பெற்று, 1981 மட்டும் வாழ்ந்தா. 58 வருடம் ஊசி போட்டவ. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தனக்கு இந்த வருத்தம் இருப்பதை வெளியில் மறைத்தே வைத்திருந்தா. அம்மாவுக்கு அது நல்லாய் விளங்கியது. நோயை ஒளித்தா, ஆனால் ஊசியை ஒளிக்கவில்லை என்று மட்டும் நான் சொன்னேன்.

பான்ரிங் தங்கமான மனிசன் என்று சொல்ல வரவில்லை. கோபக்காரர். மருந்தைச் சுத்தப்படுத்தும் முறையைக் கொலிப் சொல்ல மறுத்தபோது கைகலப்பு வரைக்கும் போனது. மக்லியொட்டோடு கடைசி வரைக்கும் ஒத்துப்போகவில்லை. 1923 இல் நோபல் பரிசு இவருக்கும் மக்லியொட்டுக்கும் என்று வந்தபோது, பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று கொதித்து, தன் காசில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மக்லியொட் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். அதற்கு முன்னமே பான்ரிங், பெஸ்ட், கொலிப் மூவரும் மருந்தின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த விலை இன்றைக்கு எந்த மருந்துக்கடையிலும் இல்லை என்பது வேறு கதை.

பிற்காலத்தில் ஓவியம் கீறினார், சேர் பட்டமும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து, 1941 பெப்ரவரி 21 இல் இறந்தார். வயது 49. ரொறன்ரோவில் மவுண்ட் பிளசன்ட் மயானத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அவருடைய பிறந்தநாள்தான் இன்றைக்கு உலக நீரிழிவு நாள்.

அவர் காலத்து இன்சுலின் மாட்டிலும் பன்றியிலும் இருந்து வந்தது. எட்டு அவுன்ஸ் எடுக்கச் சுமார் இரண்டு தொன் பன்றிச் சதையி தேவைப்பட்டது. 1978 இல் கலிபோர்னியாவில் பக்டீரியாவைக்கொண்டு மனித இன்சுலினைச் செய்து காட்டினார்கள். 1982 இல் அது மருந்தாக வந்தது. என் மேசையில் இருக்கும் தூளும் அந்த வழியில் வந்ததுதான்.

மூன்றாம் நாள் பெரியம்மாவின் கதைக்குத் திரும்பினோம். அவவின் கால் ஊசியால் போகவில்லை, பல வருடம் சீனி ஏறிக் கிடந்ததால் போனது, ஊசி வரும்போது காலம் பிந்திவிட்டது என்று சொன்னேன். அம்மா உடனே ஒத்துக்கொண்டா என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துத்தான், கை நடுங்குது, நீ போட்டு விடு என்று கூப்பிட்டா.

இப்போது தானே போடுகிறா. கலியாண வீட்டில் மட்டும் இன்னும் கழிவறைக்குள் போய்த்தான் போடுகிறா. பக்கத்தில் இருக்கும் மாமி கண்டால் பரிதாபப்படுவாவாம். அந்த மாமியின் கைப்பையிலும் ஒரு பேனை இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

உங்கள் வீட்டிலும் இருபது வருடமாகக் குளிசையோடு ஒரு அம்மாவோ அப்பாவோ இருப்பார். வைத்தியர் கடைசியாக என்ன எழுதிக் கொடுத்தார் என்று ஒருக்கால் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிரிட்ஜையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.