இதயத்தை எழுத வைத்த ஐந்தோவன்

நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் முதலில் எழுதிக் கொடுப்பது மருந்துச் சீட்டு அல்ல. ‘ஈ.சி.ஜி.’ எடுத்து வரச் சொல்லும் சீட்டுதான். கையிலும் காலிலும் மார்பிலும் கம்பிகளைப் பொருத்துகிறார்கள். சில நிமிடங்களில், கட்டம் போட்ட காகிதத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வந்துவிடுகிறது. வலி இல்லை, ஊசி இல்லை.

அந்த மேடு பள்ளங்களை பி, க்யூ, ஆர், எஸ், டி என்று உலகம் முழுவதும் டாக்டர்கள் அழைக்கிறார்கள். இந்தப் பெயர்களைச் சூட்டியவர் டச்சுப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன்.

ஜாவாவில் பிறந்தார்

ஐந்தோவன் 1860-ம் ஆண்டு மே 21-ந் தேதி ஜாவா தீவில் உள்ள செமாரங் நகரில் பிறந்தார். அப்போது ஜாவா டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை அங்கே டாக்டராக இருந்தார். மகனுக்கு 6 வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தாயார் சில ஆண்டுகள் அங்கேயே சமாளித்துப் பார்த்தார். பிறகு 1870-ல் தம் ஆறு குழந்தைகளுடன் கப்பல் ஏறி, ஹாலந்தில் உள்ள உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

தந்தையைப் போலவே டாக்டராக வேண்டும் என்பது சிறுவனின் ஆசை. படிப்பு முடிந்ததும் படை டாக்டராகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில், 1878-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

உடற்பயிற்சியில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. ஒருமுறை பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. முன்னங்கை எப்படித் திரும்புகிறது, முழங்கை மூட்டு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார்.

அவர் ஜாவாவுக்குத் திரும்ப நேரவில்லை. 1885-ல் டாக்டர் பட்டம் பெற்ற கையோடு, லெய்டன் பல்கலைக்கழகம் அவரை உடலியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 25. 1886-ல் பொறுப்பேற்ற அவர் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார்.

வெள்ளி பூசிய நூல்

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. இதை மனிதரிடம் முதலில் பதிவு செய்து காட்டியவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887. கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குவதைப் படம் பிடிக்கும் கருவியை அவர் பயன்படுத்தினார். பாதரசம் கனமானது. அது அசைவதற்குள் துடிப்பே முடிந்துவிடும். ஆகவே படம் மங்கலாகவும் தவறாகவும் இருந்தது.

ஐந்தோவன் முதலில் கணக்குப் போட்டு அந்தத் தவற்றைத் திருத்தினார். திருத்திய கோட்டுக்குத்தான் 1895-ல் பி முதல் டி வரை பெயர் சூட்டினார். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. வேறு கருவி தேவைப்பட்டது.

படிகக் கல்லை உருக்கி, ஓர் அம்பின் நுனியில் ஒட்டி, வில்லில் வைத்து எய்தார்கள். அம்பு பறக்கும்போது இழை நீண்டு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நூலாயிற்று. அந்த நூலுக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்து, வலுவான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கட்டினார் ஐந்தோவன். இதயத்தின் மின்சாரம் பாய்ந்தவுடன் நூல் பக்கவாட்டில் அசைந்தது. அதன் நிழல், ஓடும் போட்டோத் தகட்டில் கோடாக விழுந்தது. 1901-ல் இந்தக் கருவியைப் பற்றி எழுதினார். 1903-ல் அது எடுத்த படங்களை விரிவாக வெளியிட்டார்.

கருவியின் எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிரம்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும்.

டெலிபோன் கம்பி வழியே

இவ்வளவு பெரிய கருவியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல முடியாது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வரவும் முடியாது. ஐந்தோவன் அதற்கும் ஒரு வழி கண்டார். ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே 1½ கிலோ மீட்டர் தூரத்துக்கு டெலிபோன் கம்பி மூலம் இணைப்புக் கொடுத்தார். 1905-ல் நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்க, அவருடைய இதயத்தின் கோடு ஆய்வுக்கூடத்தில் பதிவாயிற்று.

அதுவரை இதயத் தாளத்தை அறிய டாக்டர்கள் பெரிதும் நாடியையே நம்பியிருந்தார்கள். நாடி தப்பித் துடித்தால் ஏதோ கோளாறு என்று தெரியும். என்ன கோளாறு என்று உறுதியாகத் தெரியாது. இடையில் ஒரு துடிப்பு அதிகமாக வருவது பலருக்கு ஆபத்தில்லாதது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகாமல் தடைபடுவதோ உயிருக்கே உலை வைக்கக்கூடியது. 1906-ல் ஐந்தோவன் வெளியிட்ட படங்களில் இவை தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தன.

அதே காலத்தில் இதயத்துக்குள் மின்சாரம் செல்லும் பாதையையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து வந்தார்கள். ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே வாசல்போல் அமைந்த ஒரு முடிச்சை 1906-ல் விவரித்தார். மின்சாரம் அந்த வாசலில் சிறிது தயங்கி, பிறகு கீழே இறங்குகிறது. பாதை இன்னதென்று தவாரா காட்டினார். அதில் மின்சாரம் சரியாகப் போகிறதா என்று பார்க்க ஐந்தோவனின் கோடு உதவியது. லண்டனில் தாமஸ் லூயிஸ் இந்தக் கருவியைக் கொண்டு பல இதயத் தாளக் கோளாறுகளைப் பிரித்துக் காட்டினார்.

பரிசும் பங்கும்

1924-ல் ஐந்தோவனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசு பெற்றபின் ஆற்றிய உரையில், தம் கண்டுபிடிப்பு மருத்துவர்களுக்குப் பயன்பட்டதில் லூயிசுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அவர் மனமாரச் சொன்னார்.

இன்னொருவரையும் அவர் மறக்கவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். கருவியைச் செய்ய உதவிய பட்டறை உதவியாளர் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். பரிசுத் தொகையில் பாதியை அவருக்குக் கொடுக்க விரும்பித் தேடியபோது, அவர் இறந்துவிட்டது தெரிந்தது. வறுமையில் வாழ்ந்த அவருடைய சகோதரிகள் இருவரைக் கண்டுபிடித்து, அந்தப் பாதித் தொகையை அவர்களுக்குக் கொடுத்தாராம். உலகம் அந்தத் தொழிலாளியை அறியவில்லை. எஜமானர் அறிந்திருந்தார்.

1927 செப்டம்பர் 29-ந் தேதி, 67-வது வயதில் ஐந்தோவன் லெய்டனில் காலமானார்.

இரண்டாவது பாதை

அவர் இறந்து மூன்று ஆண்டுகளில், அந்தக் கோடு ஒரு புதிரை வெளியே கொண்டு வந்தது. 1930-ல் அமெரிக்காவின் வுல்ஃப், வைட் ஆகியோரும், இங்கிலாந்தின் பார்க்கின்சனும் சேர்ந்து 11 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பார்வைக்கு நல்ல ஆரோக்கியம். ஆனால் திடீர் திடீரென்று இதயம் கட்டுக்கடங்காத வேகத்தில் அடித்துக்கொள்ளும். அவர்களுடைய படத்தில் ‘பி’ மேட்டுக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது.

இதற்குக் காரணம் பிறவியிலேயே அமைந்த ஓர் அதிகப்படியான தசை இழை. தவாரா கண்ட வாசலைத் தவிர, சுவரில் இன்னொரு சந்து இருப்பது போல. மின்சாரம் ஒரு வழியாக இறங்கி மறு வழியாக ஏறிச் சுற்றத் தொடங்கினால், இதயம் தறிகெட்டு ஓடுகிறது. ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை இத்தகைய படம் இருக்கலாம். பலருக்குத் தொல்லையே வராது. மிகச் சிலருக்கு உயிராபத்து நேரும்.

1968-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு இந்தக் கோளாறுடன் ஒரு மீனவர் வந்தார். டாக்டர் வில் சீலி அவருடைய மார்பைத் திறந்தார். இதயத்தின் மேல் இடம் இடமாகக் கம்பி வைத்து, மின்சாரம் எங்கே முந்திக்கொண்டு வருகிறது என்று பார்த்து, அந்த இழையை வெட்டினார்கள். மீனவர் குணமடைந்தார். 1980-களிலிருந்து மார்பைத் திறக்காமலே, தொடை இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி இழையைச் சுட்டு அழிக்கும் முறை வளர்ந்தது.

இதிலும் அபூர்வமாகச் சிக்கல் வருவதுண்டு. சிலருக்கு அந்த இழை உண்மையான வாசலை ஒட்டியே அமைந்திருக்கும். சூடு சற்று விலகினால் வாசலே அடைபட்டு, வாழ்நாள் முழுவதும் ‘பேஸ்மேக்கர்’ கருவியுடன் இருக்க நேரிடும். அதனால் அந்த இடத்தில் சிலருக்குச் சூட்டுக்குப் பதில் குளிரூட்டி மெல்ல மெல்ல அழிக்கிறார்கள். கோடு மாறத் தொடங்கினால் உடனே நிறுத்திக்கொள்ள முடியும்.

பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கைகளில் எடுக்கும் முதல் கோடு தலைகீழாக வரும். வலக்கைக் கம்பியையும் இடக்கைக் கம்பியையும் தவறி மாற்றிப் பொருத்தினாலும் அதே போலத்தான் வரும். மார்பில் எடுத்த கோடுகளையும் பார்த்துத்தான் எது அமைப்பு, எது கைத்தவறு என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

270 கிலோ கருவி இன்று ஒரு கைப்பெட்டியில் அடங்கிவிட்டது. உப்புநீர்ப் பாத்திரங்களும் படிக நூலும் போய்விட்டன. ஆனால் இதயத்துக்குள் கம்பி செலுத்தும் டாக்டர், ஒவ்வொரு அடியிலும் நிமிர்ந்து பார்ப்பது பி, க்யூ, ஆர், எஸ், டி என்று ஐந்தோவன் பெயரிட்ட அந்தக் கோட்டைத்தான்.