தாம்பரம் கண்ட தமிழ்த் தொண்டர்: அருள்திரு டி. டி. நைல்ஸ்

தாம்பரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை இரயில் நிலையமும், விமானப்படைத் தளமும், காசநோய் மருத்துவமனையும், சேலையூர்க் காட்டின் நடுவே நிற்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியுமே. ஆனால், உலகத் திருச்சபைகளின் வரலாற்றைப் படிப்போருக்குத் தாம்பரம் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று; ஒரு மாநாட்டின் பெயரும் ஆகும். 1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் முதல் 29-ஆம் நாள் வரை, அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு இங்கே நடைபெற்றது. முதலில் சீன நாட்டின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்த மாநாடு அது. அங்கே போர் மூண்டதால், ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்து இரண்டாண்டும் நிரம்பாதிருந்த கிறிஸ்தவக் கல்லூரிக்கு அந்தப் பேறு கிட்டியது.

ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்து கூடினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜப்பானில் ஏழைகளின் சேரியிலேயே குடியிருந்து தொண்டாற்றிய ககாவா வந்தார். பின்னாளில், 1960-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசைப் பெற்ற தென்னாப்பிரிக்கர் ஆல்பர்ட் லுத்துலி வந்தார். நம் நெல்லைச் சீமை ஈன்ற பேராயர் அசரியா இருந்தார். இத்தகைய பெரியோர் நடுவே, வயதில் மிக இளையவருள் ஒருவராக, 30 வயதே நிரம்பிய ஒரு தமிழர் அமர்ந்திருந்தார். அவரே அருள்திரு டானியேல் தம்பிராஜா நைல்ஸ்.

இவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். மெதடிஸ்த திருச்சபையின் குருவானவர். அவர் வரலாற்றை நம் ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். பிரிந்து வாழும் சகோதரரிடத்தில் தூய ஆவியானவர் செய்துள்ள நன்மைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுப் போற்றவேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-இல் நமக்குக் காட்டிய நெறி. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். யாரோடு ஒன்றாக வேண்டுமென்று மன்றாடுகிறோமோ, அவர்களை அறிந்துகொள்வதும் அந்தச் செபத்தின் ஒரு பகுதியன்றோ!

மெதடிஸ்தர் என்போர் யார்?

நைல்ஸை அறிய வேண்டுமாயின், அவரை வளர்த்த சபையைச் சற்றே அறிய வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் வெஸ்லி (1703–1791) என்னும் ஆங்கிலிக்கன் குருவே இச்சபையின் மூலவர். ஆக்ஸ்போர்டில் இருந்த நாள்களில் அவரும் அவர் தோழரும் குறித்த வேளையில் செபித்தனர், நோன்பிருந்தனர், வேதநூல் படித்தனர், சிறைக்கைதிகளைச் சென்று கண்டனர். எதையும் ஒழுங்குமுறையோடு செய்த அவர்களுக்கு மற்ற மாணவர்கள் ஏளனமாக இட்ட பெயரே மெதடிஸ்ட் என்பது. மணியடித்தால் செபம், மணியடித்தால் பணி என்று வாழும் நம் அருட்சகோதரிகளை அன்றாடம் காணும் நமக்கு அந்த ஒழுங்கின் அருமை விளங்காமற் போகாது.

1742-இல் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி நாம் நினைவில் கொள்ளத் தக்கது. அங்கே கட்டிய ஆலயத்தின் கடனை எவ்வாறு தீர்ப்பது என்று மெதடிஸ்தர் கூடி ஆலோசித்தனர். ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலர் ஏழைகளாயிற்றே, அவர்களால் இயலுமா என்று மற்றொருவர் கேட்டார். அப்படியாயின் மிகவும் ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அவர்களால் கொடுக்க இயன்றால் வாங்கி வருகிறேன், இயலாவிட்டால் அவர்களுக்காக நானே கொடுத்துவிடுகிறேன் என்று முதலில் பேசியவர் முன்வந்தார். பிறரும் அவ்வாறே ஆளுக்குப் பதினொருவரை ஏற்றுக்கொண்டனர்.

காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றபோது என்ன நேர்ந்தது? நோயுற்றோர் யார், வேலையின்றி வாடுவோர் யார், குடும்பத்தில் சண்டை எங்கே, செபத்தை மறந்தவர் யார் என்பவை தெரியவந்தன. கடன் தீர்க்க எழுந்த ஏற்பாடு, ஒருவர் மற்றவரின் ஆன்மாவைக் காக்கும் ஏற்பாடாக மாறிற்று. ஏறத்தாழ 12 பேர் கொண்ட சிறு குழுக்கள் தோன்றின. ஈகையிலிருந்து தொண்டு பிறந்தது. தொண்டிலிருந்து விசுவாசம் வளர்ந்தது. நம் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசிப் பழக்கமும் இத்தகையதே. கொடுப்பது ஒரு பிடிதான். ஆனால் நாள்தோறும் கொடுக்கும் கை நாளடைவில் கொடுக்கவே பழகிவிடுகிறது.

1814-இல் வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் இலங்கையை அடைந்தனர். அவர்களை அழைத்து வந்த டாக்டர் தாமஸ் கோக் கரை சேருமுன் கப்பலிலேயே உயிர் நீத்தார். எஞ்சியோருள் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1817-இல் அங்கிருந்து சென்னைக்கு வந்தார். இராயப்பேட்டையில் மெதடிஸ்த ஆலயம் எழுந்த வரலாறு இதுவே. ஆகவே நம் சென்னைக்கு மெதடிஸ்த சபை யாழ்ப்பாணத்தின் வழியாகவே வந்தது எனலாம்.

இளமையும் அழைப்பும்

அந்த யாழ்ப்பாண மண்ணிலேதான் 1908-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் நைல்ஸ் பிறந்தார். அவருடைய குடும்பம் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவ நெறியில் நின்ற குடும்பம். பாட்டனார் போதகர், கவிஞருங்கூட. திருப்பணிக்கான கல்வியைப் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பெற்றார் நைல்ஸ். பல சபைகள் சேர்ந்து 1910-இல் நிறுவிய கல்லூரி அது. வெவ்வேறு சபை மாணவர் ஒரே விடுதியில் உண்டு, ஒரே வகுப்பில் பயின்ற அந்தச் சூழ்நிலை, பிற்காலத்தில் அவர் ஒன்றிப்புக்கு உழைத்ததற்கு நல்ல அடித்தளமாயிற்று.

1936-இல் குருப்பட்டம் பெற்று, வட இலங்கையில் நற்செய்திப் பணியாளராக ஊர் ஊராகச் சென்றார். அவரைச் சூழ்ந்து வாழ்ந்தோரில் பெரும்பாலோர் சைவ சமயத்தவர். அவருடைய அயலார், நண்பர், உடன் பயின்றோர். அவர்களைப் பற்றிப் பேசும்போது நூலறிவை மட்டும் நம்பலாகாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

இதனை விளக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1935-இல், உலகப் புகழ் பெற்ற சுவிஸ் நாட்டு இறையியல் பேரறிஞர் கார்ல் பார்த்தை அவர் சந்தித்தார். மற்றச் சமயங்களெல்லாம் அவிசுவாசமே என்று பார்த் கூறினார். தாங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று இளைஞரான நைல்ஸ் பணிவோடு கேட்டார். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். அப்படியானால் எவ்வாறு அறிந்தீர்கள் என்று நைல்ஸ் மீண்டும் வினவ, அது காணாமலே அறியக்கூடியது என்று விடை வந்தது. நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகை புரிந்தார், அவ்வளவே. பார்த்திடம் அவர் கற்றவை பல. ஆயினும் இந்த ஒன்றில் அவர் இணங்கவில்லை. கிறிஸ்துவை அறிவிப்பதில் சற்றும் தளராதவர் அவர். ஆனால் அறிவிக்கச் செல்பவர் உயர்ந்த மேடையில் நிற்கும் வள்ளலல்லர், தாமும் இறைவனிடம் கையேந்திப் பெற்றவரே என்பது அவர் போதனையின் சாரம். இந்துத் தோழியரோடும் இஸ்லாமியத் தோழியரோடும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் நமக்கு இது எத்துணைப் பொருத்தமான பாடம்!

உலக மேடையும் உள்ளூர் ஆலயமும்

தாம்பரம் மாநாட்டுக்குப் பின் உலகம் அவரை அழைத்தது. ஜெனீவாவில் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் பணி. பின்பு இலங்கைக் கிறிஸ்தவ மன்றத்தின் செயலாளர் பொறுப்பு. 1948 ஆகஸ்டுத் திங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரில் உலகத் திருச்சபைகளின் மன்றம் பிறந்தது. 44 நாடுகளின் 147 சபைகள் அதில் இணைந்தன. போரினால் புண்பட்டுக் கிடந்த ஐரோப்பாவில் நடந்த அந்தத் தொடக்க வழிபாட்டில் இருவர் மறையுரை ஆற்றினர். ஒருவர், தாம்பரம் மாநாட்டுக்குத் தலைமை வகித்த 83 வயது முதியவர் ஜான் மாட். மற்றவர் 40 வயதான நைல்ஸ். அமெரிக்க முதியவரும் ஆசிய இளைஞரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசியது, மூத்த சபைகளும் இளைய சபைகளும் இனிச் சமமாக நிற்கும் என்பதற்கு ஓர் அடையாளமாகத் திகழ்ந்தது.

இத்துணைப் புகழ் வந்தவர் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டாரா? இல்லை. அவர் வாழ்வில் நம்மை மிகவும் கவர்வது இதுவே. உலகப் பதவிகளை வகித்துக்கொண்டே, யாழ்ப்பாணம் தூய பேதுரு ஆலயத்தின் போதகராகவும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் அதிபராகவும், தம் சபையின் வட மாவட்டத் தலைவராகவும் பணிபுரிந்தார். ஞானஸ்நானம், திருமணம், நோயாளரைச் சந்தித்தல், அடக்கச் சடங்கு, ஞாயிறு மறையுரை ஆகிய எளிய கடமைகளே ஒரு குருவானவரின் அன்றாட உணவு. அவற்றை விட்டுவிட்டு உலகத்துக்குப் போதிப்பவர் வேரில்லாத மரமாவார். வேர் யாழ்ப்பாணத்திலும் கிளை உலகெங்கிலுமாக வளர்ந்த மரம் நைல்ஸ்.

1957-இல் இந்தோனேசியாவின் பராபத்தில் ஆசியத் திருச்சபைகள் கூடின. அங்கு உருவான கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு 1959-இல் கோலாலம்பூரில் முறைப்படி தொடங்கிற்று. 1968 வரை அதன் பொதுச்செயலாளராக இருந்தவர் நைல்ஸ். ஆசியச் சபைகள் மேனாட்டுப் பணத்தையும் மேனாட்டு ஆளையும் எதிர்பார்த்தே காலங்கழிக்கலாகாது. ஏழைச் சபையும் தன்னைவிட எளிய அயல்நாட்டுச் சபைக்குக் கொடுக்கவேண்டும், தன் பிள்ளைகளைத் தொண்டுக்கு அனுப்பவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிரிஸ்டலில் ஒரு பென்னியோடு தொடங்கிய பாடத்தை அவர் ஒரு கண்டத்துக்கே கற்பித்தார் எனலாம்.

பாட்டனாரின் கவித்திறமும் அவரிடம் இருந்தது. அந்த அமைப்பின் பாடற்புத்தகத்திற்கு அவரே பதிப்பாசிரியர். ஆசிய நாட்டு இராகங்களுக்கு ஏற்ப 40-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு ஆங்கில வரிகள் அமைத்தார். ஆசியர் தம் சொந்த இராகத்தில் இறைவனைப் பாடவும், அதனைப் பிற நாட்டாரும் கற்றுப் பாடவும் வழி பிறந்தது.

கைகூடிய கனவும் கைகூடாத கனவும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதுபோன்ற இணைப்பு இலங்கையிலும் மலரவேண்டுமென்று நைல்ஸ் பல்லாண்டு உழைத்தார், திட்டங்களைத் தீட்டினார், வாதாடினார். ஆனால் அவர் கண்மூடும்வரை அது நிறைவேறவில்லை. இன்றுவரையிலும் நிறைவேறவில்லை. உலகெங்கும் ஒன்றிப்பைப் பற்றிப் பேசியவர் தம் சொந்தத் தீவில் அதைக் காணாமலே சென்றார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

ஆயினும் வேறொரு கதவு திறப்பதை அவர் கண்டார். பாப்பரசர் 23-ஆம் அருளப்பரின் காலத்தில், 1961-இல் புதுடில்லியில் உலகத் திருச்சபைகளின் மன்றம் கூடியபோது, நம் திருச்சபை முதன்முறையாக அதற்குத் தன் பார்வையாளர் ஐவரை அனுப்பியது. 1967-இல் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அதிகாரமுறையில் உரையாடத் தொடங்கினர். 1968-இல் சுவீடன் நாட்டு உப்சாலா மாநாட்டில் இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ தூச்சி உரை நிகழ்த்தினார்.

அந்த உப்சாலா மாநாட்டின் தொடக்க மறையுரையை டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றுவதாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நிறவெறிக்குப் பலியான ஒரு தியாகியின் இடத்தில் நின்று பேசும் கடமை நைல்ஸுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 60. அம்மாநாட்டிலேயே மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

இரண்டே ஆண்டுகள். கொடிய நோய் அவரைப் பற்றியது. 1970-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் நம் வேலூரில் அவர் இறைவனடி சேர்ந்தார். இளமையில் தாம்பரத்தில் உலகைக் கண்டவர், தமிழ்நாட்டு மண்ணிலேயே தம் கடைசி மூச்சை விட்டார். அவர் வளர்த்த கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு, 1973-இல் ஆசியக் கிறிஸ்தவ மாநாடு எனப் பெயர் பெற்று இன்றும் இயங்கி வருகிறது. புதல்வர் இருவரும் தந்தையின் வழியில் இறைபணிக்கே தம்மை அளித்தனர்.

அன்புத் தோழியரே! உலக மாநாடுகளில் பேசும் வாய்ப்பு நம் எல்லோருக்கும் கிட்டப்போவதில்லை. ஆனால் வாரம் ஒரு காசும், நாளுக்கு ஒரு பிடி அரிசியும் எல்லோராலும் கொடுக்க முடியும். கொடுக்க முடியாத தோழிக்காகத் தானே சேர்த்துக் கொடுப்பதும் முடியும். பள்ளிக்கு வராத தோழியின் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிப்பதும் முடியும். வேறு சபையினரையும் வேறு சமயத்தினரையும் நேரில் அறியாமல் தீர்ப்பிடாதிருப்பதும் முடியும். இவற்றைச் செய்யச் செய்ய விசுவாசம் தானே வளரும் என்பதற்கு நைல்ஸின் வாழ்வே சான்று. அவர் விட்டுச்சென்ற ஒன்றிப்புக் கனவு நம் தலைமுறையிலேனும் நனவாக, நம்மால் இயன்றதைச் செய்வோமாக! அதற்காக நாளும் செபிப்போமாக!