சலவைக்கடைச் சிறுமி சினிமா ராணி ஆனாள்!

ஜோன் கிராபோர்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற சினிமா நடிகை. ஆனால் அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. பெற்றோர் வைத்த பெயர் லூசில் லெசூர்.

டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரில் பிறந்தார். பெற்ற தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டான். தாய் மறுமணம் செய்துகொண்டாள். இரண்டாவது கணவர் ஒரு நாடகக் கொட்டகை நடத்தினார். அங்கே வந்த ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் சிறுமிக்கு நடனத்தில் ஆசை வந்தது.

ஒருநாள் உடைந்த பாட்டில் துண்டு காலைக் கிழித்துவிட்டது. காயம் ஆற வெகுகாலம் ஆயிற்று. அந்தக் காலால்தான் பிற்காலத்தில் ஆடிப் பிழைத்தார்!

இரண்டாவது கணவரும் பிரிந்தார். தாய் கன்சாஸ் நகரில் ஒரு சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகளும் கூடமாட உழைத்தாள். பள்ளியில் சம்பளம் கட்ட வழியில்லை. ஆகவே அங்கேயே வேலை செய்து படித்தாள். உடன் படித்த பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினாள்.

பிறகு நடனக் கோஷ்டிகளில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினார். 1925-ல் எம்.ஜி.எம். படக் கம்பெனி வாரம் 75 டாலர் சம்பளத்தில் எடுத்துக்கொண்டது. லெசூர் என்ற பெயர், சாக்கடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போல் ஒலித்ததாம்! பத்திரிகையில் போட்டி வைத்துப் புதுப் பெயர் தேடினார்கள். கிடைத்த பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாகும்வரை அதுதான் நிலைத்தது.

1933-ல் வந்த படம் ‘டான்சிங் லேடி’. மலிவான ஆட்டக் கொட்டகை ஒன்றில் அரைகுறை உடையில் ஆடும் ஏழைப்பெண் கதாநாயகி. போலீசார் கொட்டகைக்குள் புகுந்து அவளைப் பிடித்துப் போகிறார்கள். ஒரு பணக்காரன் மீட்கிறான். அவனை மணந்தால் கவலையில்லாமல் வாழலாம். அவளோ பெரிய நாடக மேடையில் ஆட இடம் கேட்டு, நடன டைரக்டரின் பின்னால் அலைகிறாள். கடைசியில் நாடகத்தின் நாயகி ஆகிறாள்.

அந்த வேடத்துக்கு கிராபோர்டு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. அதற்கு முந்திய இரண்டு படங்கள் சரியாகப் போகவில்லை. இது நன்றாக ஓடி அவரைக் காப்பாற்றியது. பின்னாளில் நடன மன்னன் எனப் பெயர் பெற்ற பிரெட் அஸ்டேர் முதன்முதலாகத் திரையில் ஆடியதும் இந்தப் படத்தில்தான். ஜோடி, கிராபோர்டு!

பணக்காரனாக நடித்தவர் பிராஞ்சோ டோன். படத்தில் கதாநாயகி அவரை உதறிவிடுகிறாள். நிஜத்திலோ, 1935-ல் கிராபோர்டு அவரையே மணந்தார்! அந்தக் கலியாணம் 1939-ல் முறிந்தது.

1938-ல் கொட்டகைக்காரர்கள், வசூல் தராத நட்சத்திரங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் கிராபோர்டு பெயரும் இருந்தது. 1943-ல் எம்.ஜி.எம்.மை விட்டு விலகினார். 1945-ல் ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ படத்தில், மகளுக்காக உழைத்து ஓடாய்த் தேயும் தாயாக நடித்தார். அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. தோற்றுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு! உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். பரிசு படுக்கைக்கே வந்து சேர்ந்தது.

1977 மே 10-ம் தேதி நியூயார்க்கில் காலமானார். மறு ஆண்டே வளர்ப்பு மகள் ஒருத்தி, தாய் தன்னைக் கொடுமைப்படுத்தியதாகப் புத்தகம் எழுதினாள். வேறு இரண்டு வளர்ப்பு மகள்கள் அதை மறுத்தார்கள்.