மணலில் நீரை அளந்த ஹென்றி டார்சி

கிணற்றில் ஊறும் நீர் எத்திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை நம் கண்கள் காண்பதில்லை. மண்ணுக்குள் நிகழும் அந்த ஓட்டத்தைக் கணக்கிட வழிவகுத்தவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர்.

டார்சி 1803ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் பிறந்தார். பதினான்காம் வயதில் தந்தையை இழந்தார். தாயாரின் மனவுறுதி அவரது கல்வி தடைப்படாமல் காத்தது. பாரிசில் பொறியியல் பயின்று, அரசுப் பணியில் சேர்ந்து, சொந்த ஊருக்கே திரும்பினார்.

அக்காலத்தில் டிஜோன் மக்களுக்குத் தூய குடிநீர் கிடைக்கவில்லை. நகரின் ஊடே ஓடிய சிற்றாறு சாக்கடையாகியிருந்தது. டார்சி, ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிலிருந்த ரொசுவார் ஊற்றிலிருந்து மூடிய கால்வாய் ஒன்றை அமைத்தார். எந்திரம் ஏதுமின்றி, நிலத்தின் சரிவினாலேயே 1840ஆம் ஆண்டு நகருக்குள் நீர் வந்தது. அப்பணிக்காகத் தமக்கு உரிய பெருந்தொகையை அவர் ஏற்க மறுத்துவிட்டார்.

1848ஆம் ஆண்டின் அரசியல் மாற்றம் அவரைச் சொந்த ஊரிலிருந்து பிரித்தது. பாரிசில் பணியாற்றியபோது உடல்நலமும் குன்றியது. ஆயினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நீரைத் தூய்மையாக்கும் மணல் வடிகட்டிகளை எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்னும் வினா அவர் மனத்தில் இருந்தது. 1855, 1856ஆம் ஆண்டுகளில் டிஜோன் மருத்துவமனை ஒன்றில், 35 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை நிறுத்தி, மணலை நிரப்பி, அதன்வழியே நீரைச் செலுத்தி அளந்தார்.

அவர் கண்ட உண்மை எளியது. மணலின் மேலும் கீழும் உள்ள நீரழுத்த வேறுபாடு இருமடங்கானால், வெளிவரும் நீரும் இருமடங்காகும். மணற்படுகையின் தடிமன் இருமடங்கானால், நீரின் அளவு பாதியாகும். நீரை எந்த அளவுக்கு உட்புகவிடும் என்பது ஒவ்வொரு மணலுக்கும் வேறுபடும். இதுவே டார்சி விதி. டிஜோன் நகரின் குடிநீர் பற்றி 1856இல் அவர் வெளியிட்ட பெருநூலில், இது ஒரு பின்னிணைப்பாகவே இடம்பெற்றது. 1858 சனவரியில் அவர் மறைந்தார்.

யுரேனியத்தின் கதிரியக்கம் அன்று எவருக்கும் தெரியாது. இன்றோ சுரங்கப் பகுதிகளின் கிணறுகளைக் காக்கும் கணக்கிற்கு அவ்விதியே அடித்தளம். நம் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம் ஜார்க்கண்டு மாநிலத்தின் ஜாதுகுடாவில் உள்ளது. தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தபின், எஞ்சும் சேறு கழிவுக் குட்டையில் தேக்கப்படுகிறது. அதில் ரேடியம் தங்கியிருக்கும். ரேடியம் தன் அளவில் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும்.

இத்தகைய குட்டையிலிருந்து கசிவு ஏற்பட்டால் அது எங்குச் செல்லும்? இதை அறிய, அறிஞர்கள் நிலத்தைச் சிறுசிறு கட்டங்களாகக் கணினியில் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர் செல்லும் வேகத்தை டார்சி விதியால் கணிக்கின்றனர். ஆனால் மாசு நீரோடு ஒரே வேகத்தில் செல்வதில்லை. ரேடியம் களிமண் துகள்களில் ஒட்டிப் பின்தங்குகிறது. யுரேனியமோ, ஆக்சிசன் கலந்த நீரில் கரைந்து நெடுந்தொலைவு செல்லவல்லது. பாறைப் பிளவு ஒன்று கணக்கில் விடுபட்டால், எதிர்பாராத கிணற்றை மாசு முன்னதாகவே அடைந்துவிடக்கூடும். எனவே துளையிட்டு, மண்ணையும் நீர்மட்டத்தையும் மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். அளவு பிழைத்தால் கணினியின் விடையும் பிழைக்கும்.

தம் ஊர் மக்கள் தூய நீர் பருக வேண்டும் என்றே டார்சி மணலை அளந்தார். அந்தப் பொறுமையான அளவை, அவர் கண்டிராத ஊர்களின் கிணறுகளுக்கும் இன்று காவலாக நிற்கிறது.

சொற்பொருள்
ஊடே – நடுவே
குன்றியது – குறைந்தது
அளவை – அளக்கும் செயல்

வினாக்கள்
1. டிஜோன் நகருக்கு டார்சி எவ்வாறு நீர் கொணர்ந்தார்?
2. டார்சி விதியை உம் சொந்த நடையில் எழுதுக.
3. ரேடியமும் யுரேனியமும் நிலத்தடி நீரில் செல்லும் முறை எவ்வாறு வேறுபடுகிறது?