கிறிஸ்தவக் கம்பர்: விழுந்தும் எழுந்தும் நடந்த யாத்திரிகர்

காப்பியம் என்றதும் நம் மாணவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை சிலப்பதிகாரமும் கம்பராமாயணமும்தான். தேம்பாவணியையும் சீறாப்புராணத்தையும் இலக்கிய வரலாற்று வகுப்பில் பெயரளவில் கேட்டிருப்போம். அந்த வரிசையின் கடைசியில் இன்னொரு பெயரும் உண்டு: இரட்சணிய யாத்திரிகம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகிய மூன்றையும் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு கருத்தரங்குக் கட்டுரைக்காக அதன் ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகுதான் அந்த நூலின் அருமை விளங்கியது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். மதமாற்றத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாதாட இதை எழுதவில்லை. ஒரு பழக்கத்தை விட வேண்டும் என்று முடிவெடுத்து, மீண்டும் அதிலேயே விழுந்து, தன்னைத் தானே வெறுத்துக்கொள்ளும் இளைஞர்கள் நம் வளாகத்திலும் உண்டு. அவர்களுக்கு இந்த மனிதரின் வாழ்விலும் நூலிலும் ஒரு செய்தி இருக்கிறது.

இளமையும் கல்வியும்

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு கிருஷ்ண பிள்ளை பிறந்தார். வைணவ வேளாளக் குடும்பம். தந்தை சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர். தாய் தெய்வநாயகி அம்மையார். வீட்டுத் திண்ணையிலேயே கம்பன் கவியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் தானாக நாவில் ஏறியது. பின்னர் பாளையங்கோட்டையில் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றார்.

1853ஆம் ஆண்டு சாயர்புரத்தில் இருந்த கிறிஸ்தவக் கல்விச்சாலைக்கு ஒரு தமிழாசிரியர் தேவைப்பட்டார். அந்தக் கல்விச்சாலை, பின்னாளில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் 1842இல் தொடங்கியது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லிடம் வந்தது. அவருடைய தேர்வில் வென்று வேலையில் சேர்ந்தவர்தான் நம் கிருஷ்ண பிள்ளை. அப்போது அவர் கிறிஸ்தவர் அல்லர். அந்தச் சமயத்தை வெறுத்தவர் என்றே சொல்ல வேண்டும். சம்பளம் அங்கே, மனம் வேறிடத்தில் என்ற நிலையில்தான் சாயர்புர வாழ்க்கை தொடங்கியது.

உள்ளே நடந்த போர்

அடுத்த சில ஆண்டுகளில் அவருக்குள் நிகழ்ந்த மாற்றத்தை ஒரே நாளில் நடந்த அற்புதமாக நினைத்துவிடக் கூடாது. மெல்ல மெல்ல நூல்கள் வழியாகவும் நண்பர்கள் வழியாகவும் கிறிஸ்துவைப் பற்றிய எண்ணம் உள்ளே புகுந்தது. நண்பர் தனக்கோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் அதே வழியில் நடந்தவர்கள். பாவம் என்றால் என்ன, அதிலிருந்து விடுதலை எப்படி என்ற கேள்வி கிருஷ்ண பிள்ளையை விடாமல் தொடர்ந்தது.

மறுபக்கம் தாய், மனைவி, சுற்றம், குலப்பெருமை. அக்காலத்தில் ஒரு வேளாளர் ஞானஸ்நானம் பெறுவதென்றால் பந்தியும் உறவும் அறுந்துபோகும். நெருங்குவதும் விலகுவதுமாக அவர் மனம் ஊசலாடியது. கடைசியில் 1858ஆம் ஆண்டு, ஏறக்குறைய 31ஆம் வயதில், சென்னையில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். இந்தக் கதையைப் பின்னாளில் தாமே எழுதிவைத்தார்.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும் உழைத்தார். பிறகு தெற்கே திரும்பி, சாயர்புரம், பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் என்று ஆசிரியப் பணியிலேயே காலம் கழிந்தது.

பாத்திரம் ஒட்டியவரின் கதை

கிருஷ்ண பிள்ளை காப்பியத்துக்கு எடுத்துக்கொண்ட கதை, ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்டது. அந்த மனிதரையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டைப் பாத்திரங்களை ஒட்டிக் கொடுப்பது பனியனின் குலத்தொழில். இளமையில் கெட்ட வார்த்தை பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊரில் நல்ல பெயர் இல்லாத ஒரு பெண்மணியே அவர் வாயைக் கண்டித்தாராம். மாதா கோயில் மணி அடிக்கும் விளையாட்டில் அவருக்குத் தீராத மோகம். அது வீண் என்று தோன்றி விட்டபின்னும் கால்கள் அங்கேயே போகும். மணி தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்.

மனம் திரும்பிய பிறகு சோதனை குறையவில்லை, கூடியது. கிறிஸ்துவையே விற்றுவிடு என்ற எண்ணம் மாதக்கணக்கில் இரவும் பகலும் அவரை அரித்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஊசி எடுக்கக் குனிந்தாலும் அதே எண்ணம். இதையெல்லாம் மறைக்காமல் 1666இல் ஒரு நூலாக வெளியிட்டார். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்த குற்றத்துக்காக அப்போது அவர் சிறையில் இருந்தார். 1660 முதல் 1672 வரை 12 ஆண்டு சிறை. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். கண் தெரியாத மூத்த மகள் வீட்டில் இருந்தும் அவர் அதைச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் படைத்த யாத்திரிகனும் விழுந்து விழுந்து எழுபவன்தான். முதுகில் பாவச்சுமையோடு புறப்பட்டவன், சிறிது தூரத்திலேயே சேற்றில் சிக்குகிறான். சிலுவையடியில் சுமை கழன்று விழுகிறது. அதோடு கதை முடிந்துவிடவில்லை. மலையேறும்போது தூங்கிப்போய் அத்தாட்சிச் சுருளைத் தவறவிட்டு, நடந்த வழியே திரும்பிப் போய்த் தேடுகிறான். மாயச் சந்தையில் உடன் வந்தவனைப் பறிகொடுக்கிறான். சுகமான குறுக்குப் பாதையில் இறங்கி, நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபடுகிறான். கதவைத் திறக்கும் சாவி முதலிலிருந்தே தன் மடியில் இருந்தது அங்கேதான் நினைவுக்கு வருகிறது. கடைசி ஆற்றைக் கடக்கும்போதுகூட அவன் மூழ்கப் பார்க்கிறான். தோழன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கரை சேர்க்கிறான்.

13 ஆண்டு உழைப்பு

இந்தக் கதையைத்தான் கிருஷ்ண பிள்ளை 3,766 பாடல்களில் தமிழ்க் காப்பியமாக ஆக்கினார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். நற்போதகம் என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894 மே மாதம் நூலாயிற்று. 13 ஆண்டுகள் ஒரே பயணத்தை மாதந்தோறும் எழுதியவருக்கு, அந்த யாத்திரிகனின் தடுமாற்றம் அந்நியமாக இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கம்பனின் நடையும் ஆழ்வார் நாயன்மார்களின் உருக்கமும் அவர் பாட்டில் கலந்திருக்கின்றன. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாக்களை அமைத்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். அந்த அளவு விரிவு பனியனிடம் கிடையாது. தன் பலத்தால் வெல்ல முடியாதவனுக்காக இன்னொருவர் வேதனை தாங்கினார் என்பதே அவருடைய நம்பிக்கையின் அடித்தளம். அதைச் சொல்லாமல் யாத்திரிகன் எழுந்து நடப்பதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயர் அவருக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

எங்கள் ஊரில் கண்டது

நான் பிறந்து வளர்ந்தது ஜெஞ்சாரோம். கோல லங்காட் வட்டாரத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சீனப் புத்தாண்டு விளக்கு அலங்காரத்தால்தான் எங்கள் ஊரைத் தெரியும். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையும், பின்னர் வந்த மலிவு சம்சுவும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் சித்தப்பா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குடியை விடுவதாக நேர்ந்துகொண்டு பத்துமலையில் காவடி எடுப்பார். சித்திரை பிறக்கும் முன் மீண்டும் குடிப்பார். ஒருமுறை விழுந்ததும் நேர்த்திக்கடன் முறிந்துவிட்டது, இனி எதற்கு என்று அந்த வருடம் முழுக்கக் குடிப்பார். பிறகு நண்பர் ஒருவர் அழைத்துப்போய்க் கிள்ளானில் ஒரு தமிழ்ச் சபையின் ஜெபக் கூட்டத்தில் சேர்த்தார். பாட்டிக்கு அது பெரிய மனக்கஷ்டம். அங்கே போன பிறகும் அவர் மூன்று முறை விழுந்தார். ஆனால் அடுத்த ஞாயிறே மறுபடியும் போய் உட்கார்ந்தார்; அங்கிருந்தவர்களும் அவரைத் துரத்தவில்லை. இறப்பதற்கு முந்திய 11 ஆண்டுகள் அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. விழுந்த மறுநாள் திரும்பப் போக ஓரிடம் இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

இது ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமான உண்மை அன்று. சிற்றின்பத்தில் அழிந்து உயிரை விடத் துணிந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக்கொண்டதாக நம் மரபு சொல்கிறது. தன் பலம் போதாது என்று ஒப்புக்கொண்டவர்களே அங்கும் கரையேறினார்கள்.

நிறைவாக

இரட்சணிய யாத்திரிகத்துக்குப் பிறகும் கிருஷ்ண பிள்ளை எழுதுவதை நிறுத்தவில்லை. இரட்சணிய சமய நிர்ணயம், இரட்சணிய மனோகரம் ஆகிய நூல்களைத் தந்து, 1900 பிப்ரவரியில் 72ஆம் வயதில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! இணையத்திலோ சூதாட்டத்திலோ மதுவிலோ சிக்கி, பத்தாவது முறையாகத் தோற்றுப்போனவராக நீங்கள் இருக்கலாம். பத்தாவது தோல்வியோடு பயணம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நம்பக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். தனியாக ஆற்றில் இறங்காதீர்கள். நேரம் கிடைக்கும்போது நூலகத்தில் இரட்சணிய யாத்திரிகத்தைத் தேடி எடுத்துக் குமார பருவத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் அந்தத் தமிழ் உங்களைக் கைவிடாது.