பஸ்டர் கீட்டன்: விழுந்தெழுந்தவரின் கதைக்கட்டு

மௌனப் படக் காலத்து நகைச்சுவைக் கலைஞர்களுள் தம் உடலையே பணயம் வைத்தவர் பஸ்டர் கீட்டன். 1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஊர் ஊராகச் சென்று மேடையேறும் கலைக்குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை அவரை மேடையில் தூக்கியெறிவதும், அவர் அடிபடாமல் விழுந்தெழுவதும் அவர்களது நிகழ்ச்சியின் சிறப்பாயின. விழுந்தபின் தான் சிரித்தால் அவை சிரிப்பதில்லை என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். உலகறிந்த அச்சலனமற்ற முகம் அங்கே உருவானது.

1917-இல் ரோஸ்கோ ஆர்பக்கிளின் குறும்படங்களில் நடிக்கத் தொடங்கிய கீட்டன், 1920 முதல் தமக்கெனக் குறும்படங்களை எடுத்தார். 1923-இல் முழுநீளப் படங்களுக்கு வந்தபோது, நாயகனுக்கு நேர்வதை அவையோர் நம்பினாலன்றி நீண்டநேரம் அமர்ந்திரார் என்று உணர்ந்து, நடவாத வேடிக்கைகளைக் கைவிட்டார். தொடக்கமும் முடிவும் தெளிவானால் நடுப்பகுதி தானே அமையும் என்பது அவர் கொள்கை. திரைக்கதையை எழுதி வைக்கும் வழக்கம் அவரிடமில்லை.

1924-இல் வெளிவந்த 'த நேவிகேட்டர்' படத்தில், கப்பலின் பழுதை நீக்க நாயகன் கடலடியில் இறங்குகிறான். அங்கே நட்சத்திர மீனை மார்பில் பதக்கமாக அணிந்து, காவலரைப்போல் மீன்கூட்டங்களுக்கு வழிகாட்டும் காட்சியொன்று மிகுந்த உழைப்பில் படமாக்கப்பட்டது. முன்னோட்டத் துணுக்கில் அது பெருஞ்சிரிப்பை எழுப்பிற்று. படத்தினுள்ளோ ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே நாயகி ஆபத்தில் இருக்க, அவளைக் காக்க வேண்டியவன் விளையாடுவதை அவை ஏற்கவில்லை. கீட்டன் அக்காட்சியை வெட்டிவிட்டார். சிரிப்பால் வாழும் கலைஞருக்கு அது எளிய செயலன்று.

1862-இல் உள்நாட்டுப் போரில் நிகழ்ந்த எஞ்சின் கடத்தலைத் தழுவிய 'த ஜெனரல்' (1926) இக்கொள்கையின் உச்சம். ஓடும் எஞ்சினின் முன்புறம் அமர்ந்து, கையிலுள்ள கட்டையை வீசி, தண்டவாளத்தில் கிடக்கும் மற்றொரு கட்டையை அவர் தெறிக்கச் செய்வது வியப்பூட்டும் சாகசம். பறிபோன எஞ்சினைத் துரத்துபவனுக்கோ அது வழியைத் திறக்கும் வேலை. எரியும் பாலத்திலிருந்து உண்மையான எஞ்சினே ஆற்றில் வீழ்ந்தது. அன்றைய விமர்சகர் பலர் இப்படத்தை மதிக்கவில்லை; வசூலும் ஏமாற்றியது.

1928-இல் அவர் எம்.ஜி.எம். நிறுவனத்திற்குச் சென்றார். அங்கே கதையைப் பலர் கூடி எழுதி முடித்தபின் நடிகர் கையில் கொடுப்பர். 'த கேமராமேன்' தப்பிப் பிழைத்தது; அதன்பின் அவருடைய முறைக்கு இடமில்லாமற் போனது. குடியும் மணமுறிவும் சேர, 1933-இல் வேலையிழந்தார். பின்னர் அதே நிறுவனத்தில் பிறர் படங்களுக்கு வேடிக்கைத் துணுக்குகள் அமைத்துக் கொடுத்து, சிறு ஊதியம் பெற்றார். அத்துணுக்குகள் எக்கதையில் பொருந்தும் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கில்லை.

1950களில் பழைய படங்கள் மீண்டும் திரையேறின. 1960-இல் சிறப்பு ஆஸ்கர் விருது பெற்றார். 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவை எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டிற்று. 1966 பிப்ரவரி 1 அன்று மறைந்தார்.