நன்றியறிதலைப் படித்த வீடு



நம் கோவில்கள் பலவற்றில் ஓர் இளங்கன்னியின் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். கார்மேல் சபை உடுப்பணிந்து, பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பாள். அவளே அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாள். இருபத்துநான்கு வயதில் மரித்த இந்தக் கன்னியாஸ்திரீ எழுதி வைத்த புத்தகத்தை உலகமெங்கும் வாசிக்கிறார்கள். அதில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நன்றிதான் மணக்கிறது. இந்த நன்றியறிதலை அவள் எங்கே படித்தாள்? வீட்டிலே படித்தாள். துன்பம் எட்டிப்பாராத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். சாவு பலமுறை வாசலேறி வந்த வீடு அது.

பிரான்சு தேசத்திலே அலான்சோன் என்னும் ஊரில் லூயி மார்த்தேன் என்பவர் கடிகாரத் தொழில் செய்துவந்தார். அவர் மனைவி ஸேலி, அவ்வூருக்குப் பேர்போன லேஸ் பின்னும் தொழிலை நடத்திவந்தாள். 1858-ம் வருஷம் மெய்விவாகம் செய்துகொண்ட இவர்களுக்குச் சர்வேசுரன் ஒன்பது பிள்ளைகளைத் தந்தார். அவர்களில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மரி, பவுலின், லெயோனி, செலின், தெரேஸ் என்னும் ஐந்து பெண்கள். கடைக்குட்டி தெரேஸ் 1873-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி பிறந்தாள். கைக்குழந்தையாயிருக்கையில் அவளும் பிழைப்பது அரிதென்றாகிவிட, நாட்டுப்புறத்துச் செவிலித்தாய் ஒருத்தியிடம் ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்து தேறினாள்.

குழந்தை வீடு திரும்பியபின் தாயோடு இருந்தது கொஞ்ச காலமே. 1877-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி, மார்பில் கண்ட புற்றுநோயால் ஸேலி அம்மாள் மரித்தாள். தெரேசுக்கு அப்போது நாலரை வயது. தகப்பனார் அவளைத் தூக்கிப் பிடிக்க, தாயின் குளிர்ந்த நெற்றியில் முத்தமிட்டாள். அடக்கம் முடிந்து பிள்ளைகள் நிற்கையில், தாயில்லாப் பிள்ளைகளானீர்களே என்று வேலைக்காரி புலம்பினாள். உடனே செலின் மூத்த அக்காள் மரியைக் கட்டிக்கொண்டு, இனி நீயே எனக்கு அம்மா என்றாள். பவுலின் மனம் நோகுமே என்று தெரேஸ் அவளிடம் ஓடி, எனக்குப் பவுலின்தான் அம்மா என்றாள். அந்தச் சிறுவயதிலும் பிறர் மனத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது!

அவ்வருஷம் நவம்பர் மாதம் தகப்பனாரும் பிள்ளைகளும், அவருடைய மைத்துனர் குடியிருந்த லிசியே நகருக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் குடியேறினார்கள். மரி குடித்தனத்தைக் கவனித்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பவுலின் தங்கைக்கு ஆசிரியையானாள்.

அந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தைச் சற்று எட்டிப் பாருங்கள். காலையில் பாடம். ஞானோபதேசமும் வேத சரித்திரமும் தெரேசுக்குத் தேன். இலக்கணம் மட்டும் அவளைப் பலமுறை அழவைத்தது. பவுலின் அன்புள்ளவள், ஆனால் செல்லம் கொடுத்துக் கெடுப்பவள் அல்ல. ஒன்றைக் கூடாதென்றால் கூடாதுதான். பாடம் முடிந்ததும் தெரேஸ் மாடியறைக்கு ஓடி, அங்கே வாசித்துக்கொண்டிருக்கும் தகப்பனாரிடம் தன் மதிப்பெண்ணைச் சொல்லுவாள். அவர் அவளைத் தம் குட்டி ராணி என்று அழைப்பார். பிற்பகலில் இருவரும் கைகோத்து உலாவப் போவார்கள். வழியில் ஏதாவதொரு கோவிலில் நுழைந்து தேவநற்கருணையைச் சந்திப்பார்கள்.

ஒருநாள் தெரேசுக்கு ஒரு சந்தேகம். மோட்சத்தில் எல்லாருக்கும் ஒரே அளவான மகிமை கிடையாதாமே. அப்படியானால் குறைவாய்ப் பெற்றவர்கள் வருத்தப்படமாட்டார்களா? பவுலின் புத்தகத்தைத் தேடவில்லை. அப்பாவின் பெரிய கண்ணாடி டம்ளரை எடுத்துவரச் சொன்னாள். அதன் பக்கத்தில், தைக்கிறபோது விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் தெரேசின் சின்னஞ்சிறு உறையை நிமிர்த்தி வைத்தாள். இரண்டிலும் தளும்பத் தண்ணீர் ஊற்றி, எது அதிகமாய் நிறைந்திருக்கிறது என்று கேட்டாள். இரண்டுமே நிறைந்திருந்தன, இன்னொரு துளிக்கும் இடமில்லை. குழந்தைக்கு விளங்கிவிட்டது. நன்றியறிதலின் முதற்பாடம் இதுதான் அல்லவா? அடுத்த வீட்டாரின் பெரிய டம்ளரைப் பார்த்து ஏங்குகிறவன் தன் பாத்திரம் நிறைந்திருப்பதைக் காணமாட்டான்.

இராத்திரியானால் எல்லாரும் கூடுவார்கள். அக்காள்மாரில் ஒருத்தி திருநாட்களைப் பற்றிய நூல் ஒன்றை உரக்க வாசிப்பாள். அப்பா கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இனிய குரலில் பாடுவார். பிறகு மாடியில் குடும்பச் செபம். தெரேசுக்கு அப்பாவின் பக்கத்திலே இடம். அர்ச்சியசிஷ்டவர்கள் எப்படிச் செபிக்கிறார்கள் என்று அறிய அவருடைய முகத்தைப் பார்த்தாலே போதுமாயிருந்தது. படுக்கப் போகுமுன், இன்று நான் நல்ல பிள்ளையாயிருந்தேனா என்று பவுலினைக் கேட்பாள். ஆம் என்ற பதில் வராவிட்டால் இரவெல்லாம் அழுதிருப்பாளாம்.

தகப்பன்மாரே, தாய்மாரே, இந்த வீட்டில் நன்றி என்றொரு தனிப்பாடம் இருந்ததில்லை. பிள்ளை கண்டது மண்டியிட்ட தகப்பனை. தாயின் வேலையைத் தன்மேல் போட்டுக்கொண்ட அக்காள்மாரை. பிள்ளைகள் நம் வாயைக் காட்டிலும் நம் முழங்காலைத்தான் கவனிக்கிறார்கள்.

ஆயினும் படித்த பாடத்துக்குப் பரீட்சை வராமற்போகாது. 1881-ம் வருஷம் அக்டோபரில் தெரேஸ் கன்னியர் நடத்திய பள்ளிக்குப் போனாள். வீட்டில் நன்றாய்ப் படித்திருந்ததால் தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு வைத்தார்கள். அவர்களில் சிலருடைய பொறாமையால் அங்கே மிகவும் துன்பப்பட்டாள். மறு வருஷம் பவுலின் அவ்வூர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். இரண்டாம் தாயும் போய்விட்டாள்! 1883-ல் தெரேஸ் கடும் நோயில் விழுந்தாள். மே 13-ந் தேதி, இஸ்பிரீத்துசாந்துவின் திருநாளன்று, படுக்கையருகே இருந்த தேவமாதாவின் சுரூபம் புன்னகை செய்யக் கண்டு குணமடைந்தாள். ஆயினும் தொட்டதற்கெல்லாம் அழும் பிள்ளையாகவே இருந்தாள்.

1886-ம் வருஷக் கிறிஸ்மஸ் வந்தது. அந்தத் தேசத்து வழக்கப்படி பிள்ளைகளின் காலணிகளைக் கணப்படுப்பின் அருகே வைத்து அவற்றில் பரிசுகளை நிரப்புவார்கள். நடுச்சாமப் பூசை முடிந்து களைத்து வந்த தகப்பனார், நல்லவேளை, இதுவே கடைசி வருஷம் என்று சலித்துக்கொண்டார். மாடிப்படியிலிருந்த தெரேசின் காதில் அது விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. இப்போது கீழே போகாதே என்றாள் செலின். ஆனால் தெரேஸ் கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கி வந்து, ஒவ்வொரு பரிசாய் எடுத்து மகிழ்ந்தாள். தகப்பனாரும் சலிப்பை மறந்து சிரித்தார். அன்றிரவு தன்னை மாற்றியது சேசுபாலனே என்று அவள் சாகுமட்டும் நன்றி கூறினாள். அடுப்பங்கரையில் ஒரு முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டதுதான் அவள் வாழ்க்கையின் பெருந்திருப்பம் என்பதை மறவாதீர்கள்.

பதினைந்தாம் வயதில், 1888-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி, அவளும் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். அதற்குப்பின் வந்ததே எல்லாவற்றிலும் பெரிய பரீட்சை. அருமைத் தகப்பனாரின் அறிவு நோயினால் கலங்கியது. 1889-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி அவரைக் கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராய் மடத்துக்குப் போனதுதான் அவருக்கு இந்தக் கதியைக் கொண்டுவந்தது என்று ஊரில் பேச்சு எழுந்தது. மடத்துச் சுவருக்குள் இருந்த மகளுக்கு அது எப்படிக் குத்தியிருக்கும்! 1894-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி அவர் மரித்தார்.

1895-ம் வருஷத் துவக்கத்தில், அப்போது மடத்துத் தலைவியாயிருந்த பவுலின், சிறுவயது ஞாபகங்களை எழுதும்படி தங்கைக்குக் கட்டளையிட்டாள். வேலைகளுக்கிடையே கிடைத்த நேரத்தில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி, மறு வருஷம் ஜனவரி 20-ந் தேதி அதை ஒப்படைத்தாள். பாடம் சொல்லிக்கொடுத்த அக்காளிடமே மாணவியின் நோட்டு போய்ச் சேர்ந்தது! அதன் கடைசியில், ஆண்டவர் தனக்குத் தந்த வரப்பிரசாத நாட்களை ஒரு பட்டியலாய் எழுதியிருந்தாள். பிறந்த நாள், ஞானஸ்நானம், தேவமாதாவின் புன்னகை, புதுநன்மை, அந்தக் கிறிஸ்மஸ் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு, பிரியமானவர்களே, 1889 பிப்ரவரி 12-ந் தேதியும் உண்டு. தகப்பனார் மருத்துவமனைக்குப் போன அந்த நாளைத் தங்கள் பெருஞ்செல்வம் என்று குறித்திருந்தாள்.

அவளுக்கு அது வலிக்கவில்லை என்று எண்ணாதீர்கள்; மிகவும் வலித்தது. ஏழு வருஷம் அழுது, செபித்து, பாடுபட்ட சேசுவின் திருமுகத்தை நோக்கியிருந்த பிறகே அதை அந்தப் பட்டியலில் சேர்த்தாள். நன்றியறிதல் துன்பத்தை இல்லையென்று மறுப்பதல்ல. துன்பத்திலும் சர்வேசுரன் நம்மைக் கைவிடவில்லை என்று பின்னால் திரும்பிப் பார்த்துக் கண்டுகொள்வது.

1897-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி க்ஷயரோகத்தால் அவள் மரித்தாள். ஒரு வருஷத்துக்குப்பின் அவளுடைய எழுத்துக்கள் புத்தகமாயின. 1925-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றாள். 1927-ல், நம் கடற்கரை மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அர்ச். சவேரியாரோடு, வேதபோதக நாடுகளின் பாதுகாவலியானாள். 1997-ல் திருச்சபையின் வேதபாரகரில் ஒருத்தியாக உயர்த்தப்பட்டாள். 2015-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி அவளுடைய தாய் தகப்பன் இருவருக்கும் ஒருமிக்க அர்ச்சியசிஷ்ட பட்டம் கிடைத்தது. அந்த வீடே பீடமேறியது!

இன்றிரவு உங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் பிள்ளைகளை உடனே படுக்க அனுப்பிவிடாதீர்கள். இன்று சர்வேசுரன் தந்ததில் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். சோறு நன்றாயிருந்தது என்று சின்னவன் சொன்னால் சிரிக்காதீர்கள். அவனுடைய சின்ன உறை நிறைந்திருக்கிறது. பெரியவர்களாகிய நீங்களோ, இன்னும் நன்றி சொல்ல முடியாத ஒரு நாளை மனத்தில் வைத்திருப்பீர்கள். அதை இன்றே பட்டியலில் எழுதவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அர்ச். தெரேசம்மாளுக்கே ஏழு வருஷம் ஆயிற்று. அந்த நாளை அவள் கையில் கொடுத்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லுங்கள்.